இரண்டு முறை அனிமே ஆகியும் அரியணை ஏறாத அர்ஸ்லான்: பாதியில் நிற்கும் கதைகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' 2025 செப்டம்பரில் தமிழ் டப்பிங்குடன் திரையரங்குகளுக்கு வந்தது. அதைப் பார்க்கப் போனவர்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது. மூலக்கதை 2020-லேயே முடிந்துவிட்டது, மிச்சக் கதை மூன்று படங்களாக வரப்போகிறது என்று முன்பே தெரியும். ஆனால் எல்லா அனிமே ரசிகர்களுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. கடைசி எபிசோடைப் பார்த்துவிட்டு, 'அடுத்த சீசன் எப்போ?' என்று கூகுளில் தேடித் தேடி அலுத்தவர்கள்தான் அதிகம்.

அப்படித் தேட வைத்த கதைகளில் முக்கியமானது 'தி ஹீரோயிக் லெஜண்ட் ஆஃப் அர்ஸ்லான்'. ஜப்பானில் 'அர்ஸ்லான் செங்கி'. தந்தையாலேயே விரட்டப்படும் 14 வயது இளவரசனின் கதை. இரண்டு வெவ்வேறு காலங்களில் அனிமே ஆனது. இரண்டு முறையும் பாதியில் நின்றது. ஏன்?

கதை என்ன?

பாரசீகச் சாயலில் கற்பனையாக உருவாக்கப்பட்ட நாடு பார்ஸ். அதன் தலைநகரம் எக்பதானா. இன்றைய ஈரானின் ஹமதான் நகரத்தின் பழைய பெயர் அது. மதவெறியோடு படையெடுத்து வரும் லூசிடானியர்களிடம் பார்ஸ் படை ஒரே நாளில் தோற்கிறது. மன்னர் ஆண்ட்ரகோரஸ் சிறைப்படுகிறார். இளவரசன் அர்ஸ்லான் விரல்விட்டு எண்ணக்கூடிய சில துணைவர்களோடு தப்பிக்கிறான். தார்யூன் என்ற மாவீரன், நர்சஸ் என்ற வியூகக்காரர், இன்னும் ஓரிருவர். அவ்வளவுதான் அவனுடைய 'படை'.

அந்தக் கும்பல் மெல்ல மெல்லப் பெரும்படையாக வளர்கிறது. தலைநகரை மீட்கக் கிளம்பும் நேரத்தில்தான் திருப்பம். சிறையிலிருந்து தப்பி வரும் மன்னர், மகன் திரட்டிய படையைத் தானே எடுத்துக்கொள்கிறார். '50,000 வீரர்களைத் திரட்டும்வரை திரும்பி வராதே' என்று அர்ஸ்லானைத் தெற்கே அனுப்பிவிடுகிறார். பெயருக்கு அது அரச கட்டளை. உண்மையில் நாடு கடத்தல்.

உறையூர் எப்படி வந்தது?

தமிழ் வாசகர்கள் சட்டென்று நிமிர்ந்து உட்காரும் இடம் ஒன்று இந்தக் கதையில் உண்டு. பார்ஸுக்குக் கிழக்கே 'சிந்துரா' என்று இந்தியச் சாயலில் ஒரு நாடு. அதன் தலைநகரின் பெயர் உறையூர். மன்னரின் பெயர் இரண்டாம் கரிகாலன். அரியணைக்காக மோதும் அவருடைய இரண்டு மகன்களில் ஒருவர் ராஜேந்திரன். ஜப்பானிய உச்சரிப்பில் கொஞ்சம் மாறினாலும் அத்தனையும் சோழர் வரலாற்றில் நமக்குப் பழகிய பெயர்கள். ராஜேந்திரன் இங்கே கொஞ்சம் கோமாளி, நிறைய தந்திரக்காரன். அவனுக்காகத் தார்யூன் இறங்கும் துவந்த யுத்தம் தொடரின் செம காட்சிகளில் ஒன்று.

எங்கெங்கே நின்றது?

எழுத்தாளர் யோஷிகி தனாகா முதல் நாவலை 1986-ல் வெளியிட்டார். மொத்தம் 16 தொகுதிகள். முதல் ஏழு தொகுதிகள் முதல் பாகம். ஏழாவதில்தான் தலைநகர் மீட்கப்படுகிறது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் பாருங்கள்.

• 1991 – 1995: இரண்டு திரைப்படங்கள், பிறகு நேரடி வீடியோவாக நான்கு பகுதிகள். தலைநகரை மீட்கும் கட்டத்துக்கு முன்பே நின்றுவிட்டது.

• 2013: 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' புகழ் ஹிரோமு அரகாவா, இந்த நாவலை மங்காவாக வரையத் தொடங்கினார். கதைக்குப் புதிய தலைமுறை வாசகர்கள் கிடைத்தார்கள்.

• 2015: அரகாவாவின் ஓவிய பாணியில் டிவி தொடர், 25 எபிசோடுகள். இயக்கம் 'ப்ளீச்' தொடரை இயக்கிய நொரியுகி அபே.

• 2016: இரண்டாவது சீசன். வெறும் எட்டே எபிசோடுகள். அதன் தலைப்பே ஆறாவது நாவலின் தலைப்புதான். நாடு கடத்தப்பட்ட அர்ஸ்லான் கிலான் என்ற துறைமுக நகரத்தில் ஆள் திரட்டும் கட்டத்தோடு முடிந்தது. அதன் பிறகு சீசன் வரவில்லை.

ஆக, முதல் பாகத்தை முடிக்க பாக்கி இருந்தது ஒரே ஒரு நாவல்.

எழுத்தாளர்தான் கதையை முடிக்கவில்லையா?

ரசிகர்கள் முதலில் குற்றம் சாட்டுவது எழுத்தாளரைத்தான். தனாகா மீது அதற்கு நியாயமும் உண்டு. ஒன்பதாவது தொகுதி 1992-ல் வந்தது. பத்தாவது 1999-ல். பதினொன்றாவதுக்கு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசித் தொகுதி 2017 டிசம்பரில் வெளியானது. தொடங்கி முடிக்க 31 ஆண்டுகள்.

ஆனால் இன்னொரு தேதியையும் பார்க்க வேண்டும். தலைநகர் மீட்பைச் சொல்லும் ஏழாவது நாவல் வெளியானது 1990-ல். முதல் படம் திரைக்கு வந்ததோ 1991-ல். அதாவது, முதல் காட்சி திரையில் ஓடும் முன்பே முதல் பாகத்தின் முடிவு புத்தகக் கடையில் இருந்தது. 2016-லும் அதே நிலைமைதான். எனவே, கதை இல்லாததால் நின்றது என்ற வாதம் இங்கே எடுபடாது.

அப்போ யார் முடிவு செய்கிறார்கள்?

பெரும்பாலான அனிமேக்களை ஒரே நிறுவனம் பணம் போட்டு எடுப்பதில்லை. பதிப்பகம், டிவி சேனல், இசை நிறுவனம், வீடியோ விநியோகஸ்தர், பொம்மைக் கம்பெனி எனப் பலர் சேர்ந்து முதலீடு செய்வார்கள். இதற்குத் 'தயாரிப்புக் குழு' என்று பெயர். நஷ்டம் வந்தால் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் இதன் வசதி. படத்தை வரையும் ஸ்டூடியோ பல நேரங்களில் இந்தக் குழுவில் பங்குதாரராகக்கூட இருக்காது. பேசிய தொகைக்கு வேலையை முடித்துக் கொடுக்கும், அத்தோடு சரி.

இந்தக் குழுவில் ஒவ்வொருவர் எதிர்பார்ப்பும் வேறு. பதிப்பகத்துக்குப் புத்தகம் விற்க வேண்டும். இசை நிறுவனத்துக்குப் பாட்டு ஹிட்டாக வேண்டும். டிவிக்கு அந்த நேரத்து விளம்பரம். அனிமே ஓடும்போது மங்கா விற்பனை ஏறினால், பதிப்பகத்தின் நோக்கில் அந்த சீசன் தன் வேலையைச் செய்துவிட்டது. கதை முடிகிறதா இல்லையா என்பது அந்த லாபக் கணக்கில் தனி வரியாக இடம்பெறுவதில்லை. அடுத்த சீசன் என்றால் பேச்சுவார்த்தை மறுபடி முதலிலிருந்து.

அர்ஸ்லானுக்கு இன்னும் சில சிக்கல்கள் சேர்ந்துகொண்டன. 2015-ல் தொடர் தொடங்கியபோது அரகாவாவின் மங்காவுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. மாத இதழில் வரும் மங்காவை வாரந்தோறும் வரும் டிவி தொடர் வேகமாகத் தாண்டிவிட்டது. அதன் பிறகு நாவலைப் பார்த்துதான் எடுக்க வேண்டியிருந்தது. எந்த மங்காவின் பெயரால் தொடர் எடுக்கப்பட்டதோ, அதற்கு முன்னாலேயே கதையைச் சொல்லிவிடும் நிலைமை. போதாக்குறைக்கு, நாவல் முதலில் கடோகாவாவில் வந்து பிறகு கோபுன்ஷாவுக்கு மாறியது. மங்காவோ கோடன்ஷாவின் இதழில். பதிப்பகங்கள் கூடக் கூட, ஒரே மேஜையில் எல்லோரையும் உட்கார வைப்பதும் கடினமாகிறது.

அதே எழுத்தாளர், வேறு முடிவு

இதே தனாகாவின் இன்னொரு புகழ்பெற்ற நாவல் வரிசை 'லெஜண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ்'. விண்வெளிப் போர்க் கதை, பத்துத் தொகுதிகள், 1987-ல் முடிந்தது. அதன் அனிமே 1988-ல் தொடங்கி 1997-ல் நிறைவடைந்தது. 110 எபிசோடுகள், கதை முழுவதும்.

எப்படி முடிந்தது? அந்தத் தொடர் டிவி நேரத்தை நம்பித் தொடங்கவில்லை. ரசிகர்கள் சந்தா கட்டினார்கள். வீடியோ கேசட் தபாலில் வீட்டுக்கே வந்தது. அடுத்த பகுதிக்குப் பணம் கொடுக்க ஆள் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் கையிலேயே இருந்தது. கதையின் முடிவைப் பார்க்க விரும்பியவர்களே தயாரிப்புச் செலவையும் தாங்கினார்கள். அர்ஸ்லானுக்கு அமையாதது அதுதான்.

அரகாவாவின் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' வேறு பாதையில் போனது. 2003-ல் வந்த அனிமே மங்காவைத் தாண்டிப் போய், சொந்தமாக ஒரு முடிவை எழுதிக்கொண்டது. மங்கா முடியும் தறுவாயில், 2009-ல், முதலிலிருந்து மீண்டும் எடுத்தார்கள். இன்று பலர் கொண்டாடுவது அந்த இரண்டாவது வடிவத்தைத்தான். அந்த வாய்ப்புக் கிடைக்க, கதைக்கு அத்தனை பெரிய சந்தை இருக்க வேண்டும்.

முடிவைப் பார்க்காவிட்டால் என்ன போச்சு?

சில கதைகளில் பெரிதாக ஒன்றும் போகாது. அர்ஸ்லானில் நிறையவே போகிறது.

இந்தக் கதை எழுப்பும் கேள்வி ஒன்றே ஒன்று: அரசனாகும் தகுதி பிறப்பால் வருகிறதா, நடத்தையால் வருகிறதா? வெள்ளி முகமூடி அணிந்த ஹில்மெஸ், 'ரத்தப்படி அரியணை எனக்குத்தான்' என்கிறான். அர்ஸ்லானோ, அரியணை ஏறினால் அடிமை முறையை ஒழிப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறான். அவனுடைய பிறப்பைச் சுற்றி ஒரு ரகசியமும் முதலிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த மூன்று இழைகளும் ஒன்றாக முடிச்சுப்போடப்படுவது ஏழாவது நாவலில். ஆண்ட்ரகோரஸ் ஏன் மகனை இவ்வளவு வெறுத்தார், அந்த வாக்குறுதி வெறும் பேச்சா என்பதற்கெல்லாம் அங்கேதான் பதில். அனிமே மட்டும் பார்த்தவருக்குக் கிடைப்பது, நல்ல மனசுள்ள ஒரு பையன் ஊர் ஊராகப் போய் நண்பர்களைச் சேர்க்கும் கதை. கேள்வி காதில் விழுகிறது. பதில் வருவதற்குள் திரை அணைந்துவிடுகிறது.

இனி வாய்ப்பு இருக்கா?

2016-க்கும் இப்போதைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: பணம் வரும் திசை. ஜப்பான் அனிமேஷன் சங்கத்தின் கணக்குப்படி, 2023-ல் அனிமே சந்தையின் மதிப்பு சுமார் 3.3 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கும் மேல் வெளிநாட்டு வருமானம். அனிமே ஸ்ட்ரீமிங் தளமான க்ரஞ்சிரோலை 2021-ல் வாங்கிய சோனி, 2025 ஜனவரியில் கடோகாவா குழுமத்தின் மிகப்பெரிய பங்குதாரராகவும் ஆனது. பழைய கதைகளின் உரிமையும் அவற்றைக் காட்டும் தளமும் நெருங்கி வருகின்றன.

பலனும் தெரிய ஆரம்பித்துவிட்டது. 2012-ல் மங்கா முடியும் முன்பே டிவியில் நின்றுபோன 'ப்ளீச்', பத்தாண்டு கழித்து 2022-ல் கடைசிப் பாகத்தை எடுக்கத் திரும்பியது. 2001-ல் பாதிக்கதையோடு நின்ற 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்', 2019 – 2021 காலத்தில் மூன்று சீசன்களாக முழுமையாக வந்தது. இரண்டுக்கும் பொதுவான அம்சம்: அப்போது மூலக்கதை முடிந்திருந்தது, காத்திருந்த ரசிகர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

அர்ஸ்லானிடம் முதல் தகுதி 2017-லிருந்தே இருக்கிறது. இரண்டாவதுதான் சோதனை. ஸ்ட்ரீமிங் தளங்கள் பார்ப்பது ட்வீட்டுகளை விட எத்தனை பேர், எத்தனை எபிசோடு பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையைத்தான். திருட்டு இணையதளத்தில் பார்த்தால் அந்த எண்ணிக்கையில் ஒருவர் குறைகிறார்.

புது அனிமே தொடங்கும் முன்...

வார இறுதி முழுவதையும் ஒரு தொடருக்குக் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது. மூலக்கதை முடிந்துவிட்டதா? இதுவரை வந்த சீசன்கள் எத்தனையாவது தொகுதி வரை போயிருக்கின்றன? அடுத்த சீசன் அறிவிக்கப்பட்டிருக்கிறதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால், அரைக்கதைதான் என்று தெரிந்தே உட்காரலாம்.

அர்ஸ்லானை அப்படித் தெரிந்தே பார்ப்பதிலும் தவறில்லை. முடிவுக்கு மட்டும் புத்தகம்தான் வழி.