உலக அரங்கில் அந்த மாதம்: நவம்பர் 1956

ஒரே வாரத்தில், ஒரே மன்றத்தில், இரண்டு படையெடுப்புகளைக் குறித்து உலக நாடுகள் கூடிப் பேச நேர்ந்த மாதம் அது. ஒன்று எகிப்தின்மீது, மற்றொன்று ஹங்கேரியின்மீது. எகிப்திலிருந்து அன்னியப் படைகள் திரும்பிச் சென்றன. ஹங்கேரியிலோ நிலைத்துவிட்டன. இவ்வேற்றுமையைச் சற்று நின்று நோக்க விரும்புகிறோம்.

சூயஸ் கால்வாயை அதிபர் நாசர் ஜூலை 26-ல் நாட்டுடைமையாக்கியதே எகிப்துப் பூசலின் தொடக்கம். அக்டோபர் 29-ல் இஸ்ரேல் சினாய்க்குள் புகுந்தது. சண்டையை விலக்க வருவதாகச் சொல்லிக்கொண்டு பிரிட்டனும் பிரான்சும் நவம்பர் 5-ல் போர்ட் சயிதில் வீரர்களை வானிலிருந்து இறக்கின. (விலக்க வந்தவர்கள் இஸ்ரேலுடன் முன்னரே இரகசியமாக உடன்பாடு செய்துகொண்டவர்கள் என்பது பின்னர் வெளியாயிற்று.) அமெரிக்கா கைகொடுக்க மறுத்தது, பவுன் நாணயம் ஆட்டங்கண்டது, 6-ஆம் நாள் நள்ளிரவில் போர் நின்றது. கனடாவின் லெஸ்டர் பியர்சன் வகுத்த யோசனைப்படி ஐ.நா. அமைதிப்படை அங்கே சென்றது. நம் இந்திய வீரர்களும் அதில் பணியாற்றினர்.

புடாபெஸ்ட் நகருக்கு அப்படி எவரும் செல்லவில்லை. அக்டோபர் 23-ல் அங்கே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பிரதமர் இம்ரே நாகி நவம்பர் 1-ல் தம் நாடு வார்சா ஒப்பந்தத்தினின்று விலகி நடுநிலை ஏற்பதாக அறிவித்தார். 4-ஆம் நாள், ஞாயிறு விடியுமுன், சோவியத் டாங்கிகள் நகருக்குள் உருண்டன. யூகோஸ்லாவியத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்த நாகி, பாதுகாப்பு உறுதிமொழியை நம்பி 22-ஆம் நாள் வெளியே வந்தார், வந்தவுடன் பிடிபட்டார். 1958 ஜூன் 16-ல் அவரைத் தூக்கிலிட்டனர்.

திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அக்டோபர் 28-க்கும் நவம்பர் 5-க்கும் இடையே மூன்று சுற்றுமடல்கள் விடுத்தார் என்றால் அந்நாட்களின் பதைப்பை நாம் உணரலாம். 1949-ல் ஆயுள் தண்டனை பெற்ற கர்தினால் மின்ட்சென்டி, இந்தக் கிளர்ச்சியால் அக்டோபர் இறுதியில்தான் விடுதலை அடைந்திருந்தார். அவ்விடுதலை ஐந்து நாட்கள்கூட முழுமையாக நீடிக்கவில்லை. டாங்கிகள் நுழைந்த அன்றே அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சமடைந்த அவர், 1971 செப்டம்பர் வரை, ஏறத்தாழ 15 ஆண்டுகள், அக்கட்டடத்தைவிட்டு வெளியேறவில்லை.

ஐ.நா. சபை கண்டித்தது, கண்டனத்தோடு நின்றது. லண்டனைப் பணத்தால் நெருக்க வாஷிங்டனால் முடிந்தது. மாஸ்கோவை நெருக்க அணுஆயுதப் போர் அன்றி வேறு வழி எவருக்கும் புலப்படவில்லை. நம் நாட்டின் போக்கும் மகிழத்தக்கதன்று. எகிப்துக்காக உரத்துக் குரல் கொடுத்த இந்தியா, ஐ.நா. மேற்பார்வையில் ஹங்கேரியில் தேர்தல் நடத்தக் கோரிய தீர்மானத்தை நவம்பர் 9-ல் எதிர்த்து வாக்களித்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் போன்றோர் இதனை வெளிப்படையாகவே கடிந்தனர். பின்னர் நேருவின் பேச்சில் கடுமை கூடியது மெய்தான். ஆயினும் அளித்த வாக்கு அளித்ததே.

நாகி பிடிபட்ட அதே 22-ஆம் நாளில் மெல்போர்னில் ஒலிம்பிக் விளையாட்டுகள் தொடங்கின. ஹங்கேரிக்காக நெதர்லாந்தும் ஸ்பெயினும் சுவிட்சர்லாந்தும், சூயஸுக்காக எகிப்தும் ஈராக்கும் லெபனானும் அவற்றில் கலந்துகொள்ளவில்லை.

அதற்கு முந்தின நாள், ஆஸ்திரிய எல்லையில் ஆன்டாவ் என்னும் சிற்றூருக்கு அருகே இருந்த மரப்பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதற்குள் சுமார் 70,000 பேர், குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு, அதன்வழியே அக்கரை சேர்ந்திருந்தனர். பாலம் போன பின்னும் மக்கள் வருவது நிற்கவில்லை. சேற்றிலும் குளிர்நீரிலும் இறங்கியே கடந்தனர்.