ஒன்பது பேர் குடும்பம்

நான் முதலில் வேலைக்குப் போனது கோவையில் ஒரு வரி ஆலோசனை அலுவலகத்துக்கு. ஒரு மாடி, ஒரு ஏ.சி., என்னையும் சேர்த்து ஒன்பது பேர். இன்டர்வியூ முடியும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தேன். பெரியவர் முந்திக்கொண்டார். "இங்கே மொதலாளி தொழிலாளியெல்லாம் கெடையாது தம்பி. எல்லாரும் ஒரே குடும்பம்." எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சம்பளம் எவ்வளவு என்பது முதல் மாதக் கவரைப் பிரித்தபோதுதான் தெரிந்தது.

சின்ன அலுவலகம் நல்ல அலுவலகமாக வேண்டுமென்றால் அது குடும்பம் மாதிரி இருக்க வேண்டும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். வேலை கொடுப்பவரும் நம்புகிறார், வேலை பார்ப்பவரும் நம்புகிறார். சின்ன அலுவலகங்கள் கெடுவதே இந்த நம்பிக்கையால்தான் என்பது என் கட்சி.

நம் குடும்பங்கள் நடக்கிற லட்சணம் நமக்குத் தெரியாததா? கூட்டுக் குடும்பத்தில் தம்பி கணக்குக் கேட்டால் அண்ணன் காதில் அது பாகம் கேட்பதாகத்தான் விழும். அன்றோடு பேச்சு நின்றுவிடும். குடும்ப அலுவலகத்தில் சம்பள உயர்வு கேட்பவன் கதியும் அதுதான். வீட்டில் அதிகம் உழைப்பவள் மருமகள், குறைவாகப் பேச வேண்டியவளும் அவளே. எங்கள் அலுவலகத்தில் க்ளையண்ட் வந்தால் டீ போட எழுந்தவள், எங்கள் எல்லோரையும்விட நன்றாக டேலி தெரிந்த பெண். யாரும் அவளைப் போடச் சொன்னதில்லை. சொல்லாமலே நடந்துவிடும்.

மாதம் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். 18, 19, 20 மூன்று ராத்திரியும் பதினொரு மணி ஆகும். பெரியவர் பரோட்டா பார்சல் வாங்கி வந்து, தன் கையாலேயே சால்னா ஊற்றுவார். பரோட்டாவைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே இருக்கும். ஆனால் பரோட்டா தின்றவன் ஓவர்டைம் கேட்க முடியுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெரியவர் நாற்பதாயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்தார். வட்டி கேட்கவில்லை, சீட்டு எழுதவில்லை. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து முழுதாக அடைத்தேன். அடுத்த ஏப்ரலில் இன்க்ரிமெண்ட் பேச்சை எடுத்தபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "அப்பாவுக்கு முடியாம இருந்தப்ப நான் கணக்குப் பாத்தேனா தம்பி?" பணம் அடைந்துவிட்டது. இந்த நன்றிக் கடனுக்குத் தவணை கிடையாது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். பத்து என்ற எண்ணைக் கவனியுங்கள். இ.எஸ்.ஐ. பத்துப் பேரிலிருந்து. கிராஜுவிட்டியும் பத்துப் பேரிலிருந்து. 2017இல் 26 வாரமாக நீட்டப்பட்ட பேறுகால விடுப்பை அலுவலகங்கள் தந்தாக வேண்டியதும் பத்துப் பேர் இருந்தால்தான். பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகத்துக்குள்ளேயே புகார்க் குழு வைக்கச் சொல்வதும் பத்துப் பேர் இருந்தால்தான். அதற்குக் குறைந்தால் புகார் சொல்லும் பெண் மாவட்ட அளவிலான குழுவைத் தேடிப் போக வேண்டும். "குடும்பத்து" விஷயத்தை மாவட்டத்துக்குக் கொண்டு போகிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? எங்கள் அலுவலகத்துக்குப் பத்தாவது ஆள் வந்தபோது, பெரியவரின் மனைவி பெயரிலிருந்த இன்னொரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. மேசை மட்டும் என் பக்கத்தில்.

கடைகள், நிறுவனங்கள் சட்டம் இல்லையா என்பீர்கள். 1984இல் உச்ச நீதிமன்றம், ஒரு வழக்கறிஞர் அலுவலகம் கேரளத்தின் அந்தச் சட்டப்படி வணிக நிறுவனம் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆலோசனை சொல்லிப் பிழைக்கும் அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டம் தயங்கி நிற்கும் வாசல் இது. அந்த வாசலில்தான் "குடும்பம்" என்ற சொல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு மாற்றாக, 2009இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட அறிக்கையைச் சிலர் நீட்டுகிறார்கள்: நாங்கள் குடும்பம் அல்ல, விளையாட்டு அணி. அணி என்றால் ஆளை எப்போது வேண்டுமானாலும் வெளியே உட்கார வைக்கலாம் என்று அர்த்தம். அது பக்கத்துப் பள்ளம், அவ்வளவுதான்.

ஆலோசனை அலுவலகம் விற்பது அபிப்பிராயத்தை. அது தப்பாக இருந்தால் உள்ளே ஒருவன் "தப்பு சார்" என்று சொல்லியாக வேண்டும். எங்கள் சீனியர் ஒருவர், க்ளையண்ட் தன் சவாரிக்கு வாங்கிய காருக்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்துவிட்டார். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது என்பது எங்களில் சின்னவனுக்குத் தெரியும். பெரியப்பாவுக்கு எதிரே பேசலாமா என்று சும்மா இருந்தான். நோட்டீஸ் வந்தபோது வரியோடு 18 சதவீத வட்டியும் சேர்ந்து வந்தது. திட்டு வாங்கியவனும் அவனே, முன்பே ஏன் சொல்லவில்லை என்று.

பிறகு நானும் ஒரு நண்பரும் தனியாக ஆரம்பித்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் நாள் நானும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், குடும்பந்தானுங்க. சம்பளம் எத்தனாந் தேதிங்க சார்?" என்றாள்.

அன்று சாயங்காலமே ஒரு தாளில் எழுதி ஒட்டினோம். சம்பளம் 5ஆம் தேதி. ரிட்டர்னுக்குக் கடைசி நாட்களான 11, 20ஆம் தேதிகளில் ராத்திரி எட்டு மணி தாண்டினால் மறுநாள் பாதி நாள் லீவு. எட்டு மணிக்கு மேல் யாருக்கும் போன் கிடையாது. ரிட்டர்ன் போகுமுன் அதைத் தயாரிக்காத ஒருவர், வயதில் சின்னவரானாலும், பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். டீ அவரவர் போட்டுக்கொள்வது. இதில் போன் விஷயத்தை முதலில் மீறியவன் நான்தான். அந்தத் தாளைக் காட்டியே என்னை அடக்கினார்கள்.

பழைய இடத்தை விட்டு நான் கிளம்பியபோது அனுபவச் சான்றிதழுக்கு மூன்று மாதம் அலைந்தேன். வீட்டை விட்டு ஓடிப்போனவனுக்கு எதற்கு லெட்டர் என்று பெரியவர் கேட்டதாகச் சொன்னார்கள். சம்பளத் தேதி கேட்ட அந்தப் பெண் போன வருடம் திருப்பூரில் நல்ல வேலை கிடைத்துப் போனாள். கடைசி நாள் மாலையே கணக்கை முடித்து லெட்டரும் அடித்துக் கொடுத்தேன். அதில் அவள் இனிஷியலைத் தப்பாகப் போட்டிருந்தேன். மறுநாள் வந்து மாற்றி வாங்கிக்கொண்டு போனாள்.