இதயம் தாளம் தவறும்போது...

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் பூமியில் வெயில் கடுமையானது. வீட்டுத் தலைவி ஒருவர், "நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது" என்றால், வெயிற் களைப்பு என்றே வீட்டார் எண்ணுவர். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால், அது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்னும் நோயாகவும் இருக்கக்கூடும். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குவதே இந்நோய். அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து, மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம் வரும். அந்த அபாயத்தை இந்நோய் ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது.

இதற்குச் சிகிச்சை அளிக்க மருத்துவர்களுக்கு வழிகாட்டு நெறிகள் உள்ளன. வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்பு வந்த பக்கவாதம் முதலியவற்றிற்கு மதிப்பெண் இட்டு, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து யாருக்குத் தேவை என அவை முடிவு செய்கின்றன. 'ஆஸ்பிரின் போதும்' என்ற பழைய வழக்கத்தை அவை கைவிட்டுவிட்டன. அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்துகளையே பெரும்பாலோருக்கு முதலில் பரிந்துரைக்கின்றன.

ஆயினும், எல்லோருக்கும் இவ்விதி பொருந்தாது. சிறு வயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுற்றோர் நம் நாட்டில் ஏராளம். வால்வு வெகுவாகச் சுருங்கியவர்களுக்கு மதிப்பெண் பார்க்காமலே இம்மருந்து தேவை. எந்த மருந்து என்பதை, இந்தியா உட்பட 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்ட ருமாட்டிக் நோயாளரிடம் நடந்த 'இன்விக்டஸ்' ஆய்வு 2022இல் தெளிவாக்கியது. புதிய மருந்தான ரிவராக்சபானைவிட, வார்ஃபரின் வகைப் பழைய மருந்தை உண்டவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. 2023இல் வெளியான அமெரிக்க நெறிகளும் இத்தகையோருக்குப் பழைய மருந்தையே விதித்தன.

பழைய மருந்துக்கு ஐ.என்.ஆர். பரிசோதனை இன்றியமையாதது. பொதுவாக அளவு 2க்கும் 3க்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்தால் இரத்தம் உறையும், மிகுந்தால் இரத்தம் கசியும். பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் போகின்றனவே என்று பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். பக்கவாதம் வந்தால் குடும்பமே முடங்கிப் போகும்.

கீரையை ஒதுக்க வேண்டாம். ஒரே சீரான அளவில் உண்ணுங்கள். வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ மருத்துவரைக் கேளாமல் வேண்டாம். கருத்தரிக்க எண்ணும் சகோதரிகள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடும். ரமலானுக்கு முன்பே, நோன்பு நோற்கலாமா, மாத்திரையை எந்நேரத்தில் உண்பது என்று கேட்டறியுங்கள். தாமாக மருந்தை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.