ஓ.எஸ். போட எவ்ளோ அண்ணா?

ஊர்ல யார் வீட்டு கம்ப்யூட்டர் படுத்தாலும் 'இன்ஜினீயரிங் படிக்கிற பையனைக் கூப்பிடு'ன்னு உங்களைத்தானே தேடுவாங்க? எனக்கும் அதே கதைதான். எங்க ஊர் மண்டகப்பட்டு. விழுப்புரத்துலேர்ந்து செஞ்சி போற ரூட்ல இருக்கு. மகேந்திரவர்ம பல்லவன் குடைஞ்ச குகைக்கோயில் இருக்கிற ஊர்னு படிச்சிருப்பீங்க. அந்த ஊர்ல கம்ப்யூட்டர் டாக்டர் நான்தான். டாக்டர் சொந்த அக்கா லேப்டாப்பையே எப்படிக் காலி பண்ணினார்ங்கிறதுதான் இந்த வார மேட்டர்!

2025 அக்டோபர் 14-ம் தேதியோட விண்டோஸ் 10-க்குக் கொடுத்துட்டிருந்த வழக்கமான இலவச சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. அக்கா 2018-ல் வாங்கின லேப்டாப்ல அந்த அறிவிப்பு வந்து வந்து பயமுறுத்துச்சு. "ஏதாச்சும் பண்ணுடா"ன்னா. அவ குரூப் 4-க்குப் படிக்கிறா. ரெண்டு வருஷமா டைப் பண்ணின நோட்ஸ், ஸ்கேன் பண்ணின சர்ட்டிஃபிகேட் எல்லாம் அதுக்குள்ளதான். எனக்கோ செமஸ்டர் டைம். உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இல்லை. பஸ் ஏறி ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்.

"ஓ.எஸ். போட எவ்ளோ அண்ணா?"

"அறுநூறு ரூவா தம்பி. லெவனே போட்டுத் தரேன். சாயந்திரம் வா."

சாயந்திரம் போனா லேப்டாப் பளபளன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து அக்கா திறந்தா... டி டிரைவையே காணோம்! போன் போட்டுக் கேட்டா, "உள்ளே ஏதோ இருக்குன்னு நீ சொல்லலியே தம்பி"ன்னார். நான் சொல்லலை, அவர் கேட்கலை. அக்கா ரெண்டு நாள் என்கூடப் பேசவே இல்லை. மூணாவது வாரம் ஸ்க்ரீன் மூலையில 'ஆக்டிவேட் விண்டோஸ்'னு ஒரு வரி வந்து உட்கார்ந்துச்சு. அப்பதான் எனக்கு உறைச்சது. அந்த 600 ரூபாய் எதுக்குன்னு நான் கேட்கவே இல்லையே!

விலை போச்சு, கண்டிஷன் வந்துச்சு

ஒரு காலத்துல ஓ.எஸ். அப்கிரேடுன்னா காசு கொடுத்து வாங்குற சரக்கு. 2012-ல் விண்டோஸ் 8 வந்தப்ப, இந்தியாவில் ப்ரோ அப்கிரேடு அறிமுக விலை 1,999 ரூபாய். அந்த ஆஃபர் 2013 ஜனவரி 31 வரைக்கும்தான். 2013 அக்டோபர்ல ஆப்பிள் தன்னோட மேவரிக்ஸை இலவசமாவே கொடுத்துச்சு. 2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்தது. விண்டோஸ் 7, 8.1 வச்சிருந்தவங்களுக்கு ஒரு வருஷத்துக்கு அப்கிரேடு ஃப்ரீ! 2021 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 11-ம் ஃப்ரீதான். ஆனா 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 பாதுகாப்பு சிப், லிஸ்ட்ல இருக்கிற ப்ராசஸர்னு ஏகப்பட்ட கண்டிஷன். இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது தலைமுறைக்குக் கீழே அனுமதி இல்லை. அக்காவோடது ஏழாவது!

அப்புறம் கடைக்கார அண்ணா எப்படிப் போட்டார்? அந்தச் சோதனையைத் தாண்டிப் போக குறுக்குவழி இருக்கு. போட்டா ஓடும். ஆனா அந்த மெஷினுக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது. அப்டேட் வரணும்னுதானே மாத்தவே போனோம்?

ஒரிஜினலை அழிக்க ஒரு ஃபீஸ்

இதைவிடப் பெரிய கொடுமை ஒண்ணு இருக்கு. கடையில விண்டோஸோட வாங்கின லேப்டாப்னா லைசென்ஸுக்கான காசை அப்பவே கட்டிட்டோம். அதோட கீ மதர்போர்டுலயே பதிஞ்சிருக்கும். அதே எடிஷனைத் திரும்பப் போட்டு நெட்டோட கனெக்ட் பண்ணினா, கீ எதுவும் கேட்காம அதுவே ஆக்டிவேட் ஆகிடும். அக்கா லேப்டாப்ல வந்தது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். கடையில போட்டது ப்ரோ, அதுவும் கிராக் பண்ணினது. அதாவது, வீட்ல இருந்த ஒரிஜினலை அழிச்சிட்டு டூப்ளிகேட் போடுறதுக்கு நான் 600 ரூபாய் கொடுத்திருக்கேன்! கிராக் போடுறப்ப ஆன்ட்டி வைரஸையும் ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க. அந்த லேப்டாப்லதான் அக்கா நெட் பேங்கிங் பண்றா.

செமஸ்டர் முடிஞ்சதும் ஒரு 8 ஜி.பி. பென் டிரைவ் எடுத்தேன். மைக்ரோசாஃப்ட் சைட்லயே இலவசமா கிடைக்கிற மீடியா கிரியேஷன் டூலை வச்சு பழைய விண்டோஸ் 10-ஐயே திரும்பப் போட்டேன். நெட் கொடுத்ததும் 'ஆக்டிவேட்டட்'! அப்புறம் கூடுதல் செக்யூரிட்டி அப்டேட் திட்டத்துல பதிஞ்சேன். அதுக்கு 30 டாலர் கட்டலாம், இல்லைன்னா மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல செட்டிங்ஸை பேக்கப் பண்ணினா ஃப்ரீ. இதுக்குக் கெடு 2026 அக்டோபர் 13. அதுக்கப்புறம் லினக்ஸ்தான்னு முடிவு பண்ணி, லினக்ஸ் மின்ட்டை பென் டிரைவ்லேர்ந்தே ஓட்டிப் பார்த்தோம். எதையும் அழிக்காம டெஸ்ட் பண்ணலாம். சென்னை சிடாக் உருவாக்கின 'பாஸ்' லினக்ஸும் ஃப்ரீதான்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி...

* முதல்ல பேக்கப்! டி டிரைவ்ல இருக்கேன்னு தெனாவட்டா இருக்காதீங்க. வேற ஒரு டிஸ்க்ல காப்பி இருக்கணும்.

* செட்டிங்ஸ்ல 'ஆக்டிவேஷன்' பக்கத்தைத் திறந்து எந்த எடிஷன், டிஜிட்டல் லைசென்ஸ் இருக்கான்னு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

* மைக்ரோசாஃப்ட்டோட 'பி.சி. ஹெல்த் செக்'கை ஓட்டுங்க. உங்க மெஷின்ல லெவன் போகுமா போகாதான்னு அதுவே சொல்லிடும்.

* கடையில 'எவ்ளோ?'க்கு முன்னாடி 'எந்த எடிஷன், எந்த லைசென்ஸ், எந்த டிரைவை அழிப்பீங்க?'ன்னு கேளுங்க. பென் டிரைவ் போட்டு உட்கார்ற உழைப்புக்குக் கூலி கொடுக்கிறது நியாயம்தான். ஆனா அது கூலி. லைசென்ஸ் விலை இல்லை!

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாம இந்தக் கோயிலை ஆக்கினேன்னு எங்க ஊர் குகையில மகேந்திரவர்மன் கல்வெட்டே வச்சிருக்கார். இருந்த பாறையை வச்சே அவர் வேலையை முடிச்சிட்டார். நான் கையில இருந்ததையே பார்க்காம பஸ் ஏறினவன்!

சர்ட்டிஃபிகேட்டைத் திரும்ப ஸ்கேன் பண்ணிட்டோம். நோட்ஸ் மட்டும் போனது போனதுதான். இப்பல்லாம் ராத்திரியானா அக்கா புக்கைப் பார்த்து சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன். எனக்குப் போட்ட ஃபைன்! ஐந்திணை முடிஞ்சு ஐந்தாண்டுத் திட்டம் வரைக்கும் வந்திருக்கோம். தினமும் முடிச்சதும் ரெண்டு காப்பி எடுத்துடறோம்.

அடுத்த வாரம் பார்க்கலாம். அதுக்குள்ள பேக்கப் எடுத்துடுவீங்கதானே?