பிஷப்புக்கு மேலே யார்?

செய்தித்தாளில் 'பேராயர்' என்ற சொல் கண்ணில் பட்டால் ஒரு நொடி நிதானித்துப் படியுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை பற்றிய செய்தி என்றால், ஆயர்தான் பிஷப். பேராயர் அவருக்கும் ஒரு படி மேலே இருக்கும் ஆர்ச்பிஷப். அதே சொல் சி.எஸ்.ஐ. செய்தியில் வந்தால், பேராயர் என்றாலே பிஷப்தான். அங்கே பல சபைகளில் ஆயர் என்பவர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்யும் போதகர். அடுத்தடுத்த தெருவில் இருக்கும் இரண்டு தேவாலயங்களில் ஒரே சொல்லுக்கு ஒரு படி வித்தியாசம்! அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம். இங்கே பிஷப், ஆர்ச்பிஷப் என்றே எழுதுகிறேன்.

இந்தப் பதவிகளைப் பற்றிப் பேச ஒரு காரணம் உண்டு. 2025 அக்டோபரில், இங்கிலாந்து திருச்சபையின் 106-வது கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பாக சாரா முலாலி அறிவிக்கப்பட்டார். கி.பி. 597-ல் ரோமிலிருந்து அகஸ்டின் என்ற துறவி வந்து தொடங்கி வைத்த அந்த வரிசையில், ஒரு பெண்ணின் பெயர் வருவது இதுவே முதல்முறை. 'ஆங்கிலிக்கன் உலகின் தலைவி', 'பெண் போப் மாதிரி' என்றெல்லாம் பலர் எழுதினார்கள். முதலாவது பாதி சரி. இரண்டாவது முழுத் தவறு. ஏன் தவறு என்று தெரிந்துகொண்டால், அந்தச் சபையின் பலமும் பலவீனமும் சேர்ந்தே புரியும்.

மூன்றே படிகள்

16-ம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மன்னர் போப்பின் அதிகாரத்தை உதறினார். ஆனால் பிஷப்புகளை உதறவில்லை. பழைய ஏணி அப்படியே நின்றது. உச்சியில் இருந்த போப் மட்டும் இல்லை. இன்றுவரை இங்கிலாந்து திருச்சபையின் 'உச்ச ஆளுநர்' அந்நாட்டு மன்னர்தான்.

ஆங்கிலிக்கன் சபையில் குருத்துவப் பட்டங்கள் மூன்றே மூன்று. முதலில் டீக்கன். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பணியாளர் என்று பொருள். அடுத்தது குருவானவர், நற்கருணை ஆராதனையை நடத்துபவர். மூன்றாவது பிஷப்; ஒரு திருமண்டலம் முழுவதற்கும் பொறுப்பானவர். புதிய குருமார்களுக்குப் பட்டம் கொடுப்பதும், இளையவர்களுக்குத் திடப்படுத்தல் செய்வதும் பிஷப்பின் கைகளுக்கு மட்டுமே உரியவை. ஒருவரை பிஷப்பாக்க வேண்டும் என்றால், குறைந்தது மூன்று பிஷப்புகள் சேர்ந்து அவர் தலையில் கை வைக்க வேண்டும்.

அப்படியானால் ஆர்ச்பிஷப்? அது நான்காவது பட்டம் இல்லை. தலைமையாசிரியரும் ஓர் ஆசிரியர்தான் அல்லவா? அதுபோல ஆர்ச்பிஷப்பும் ஒரு பிஷப்தான். கூடுதல் பொறுப்பு உண்டு, கூடுதல் பட்டம் கிடையாது.

'பிஷப்' என்ற சொல்லின் வேர் 'மேற்பார்வையாளர்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். நம்முடைய பழைய தமிழ் வேதாகமம் இதை 'கண்காணி' என்று மொழிபெயர்த்தது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஞாபகத்துக்கு வருகிறார் இல்லையா? வேலை அதுவேதான்: கண்ணை மூடாமல் பார்த்துக்கொள்வது. இந்தச் சொல்லை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

ஒரு நர்ஸ் ஏறிய ஏணி

சாரா முலாலியின் வாழ்க்கையைப் பார்த்தாலே இந்த ஏணியின் படிகள் எல்லாம் தெரிந்துவிடும். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்தவர் அவர். 1999-ல், 37 வயதில், இங்கிலாந்து அரசின் தலைமைச் செவிலியர் அதிகாரி ஆனார். அந்தப் பதவியில் இருந்துகொண்டே 2001-ல் டீக்கன் பட்டம் பெற்றார். 2004-ல் அரசு வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தார். சபைப் போதகராக இருந்தார். பிறகு சால்ஸ்பரி கதீட்ரலில் பொறுப்பு வகித்தார்.

2015-ல் கிரெடிடன் பிஷப். இது 'சஃப்ரகன்' பதவி, அதாவது துணை பிஷப். எக்ஸிடர் திருமண்டலத்தின் தலைமை பிஷப்புக்கு உதவியாக ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. துணை என்பதால் அரை பிஷப் என்று எண்ண வேண்டாம். பட்டத்தில் அவரும் முழு பிஷப்தான். தனியாக ஒரு திருமண்டலம் இல்லை, அவ்வளவே. 2018-ல் லண்டன் பிஷப் ஆனார். இது திருமண்டலத்தின் முழுப் பொறுப்பு. அடுத்தது கேன்டர்பரி.

ஆர்ச்பிஷப்பின் லண்டன் இருப்பிடமான லாம்பெத் அரண்மனைக்கும் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்கும் நடுவே ஒரு சாலைதான் இருக்கிறது. அதைக் கடக்க இத்தனை படிகள் ஏற வேண்டியிருந்தது.

துணை பிஷப் எவ்வளவு முக்கியம் என்பதற்கு கேன்டர்பரியே சாட்சி. ஆர்ச்பிஷப்புக்கு நாடு முழுக்க, உலகம் முழுக்க வேலை இருப்பதால், கேன்டர்பரி திருமண்டலத்தின் அன்றாடப் பொறுப்பைப் பார்ப்பவர் டோவர் பிஷப் என்ற சஃப்ரகன்தான். அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான முகம் பெரும்பாலும் அவருடையதே.

ஒரே வேட்பாளர் தேர்தல்

இங்கிலாந்தில் திருமண்டல பிஷப் எப்படித் தேர்வாகிறார்? நியமனக் குழு ஒன்று கூடி, ஜெபித்து, விவாதித்து, ஒரு பெயரை முடிவு செய்யும். அது பிரதமர் வழியாக மன்னருக்குப் போகும். மன்னர் அந்தக் கதீட்ரலின் குருமார் குழுவுக்கு, 'உங்கள் பிஷப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்' என்று அனுமதி தருவார். கூடவே இன்னொரு கடிதத்தில், யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பெயரும் வரும்! எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் இது, இன்னும் நடைமுறையில் இருக்கிறது. இந்த முறை கேன்டர்பரிக்கான குழுவுக்குத் தலைமை வகித்தவர், எம்.ஐ.5 உளவு அமைப்பின் முன்னாள் தலைவர் என்பது கூடுதல் சுவாரசியம்.

வந்து சேரும் பிஷப்புக்குத் தன் கதீட்ரலில் ஒரு நாற்காலி காத்திருக்கும். 'கதீட்ரல்' என்ற பெயரே அந்த நாற்காலியைக் குறிக்கும் சொல்லில் இருந்து பிறந்ததுதான். ஆனால் கதீட்ரலின் நிர்வாகம் 'டீன்' என்ற வேறொரு குருவிடமும் அவரது குழுவிடமும் இருக்கிறது. பதவியேற்பு நாளில் புது ஆர்ச்பிஷப் கோலால் மூன்று முறை கதவைத் தட்டிய பிறகே உள்ளே வருவார். நாற்காலி அவருடையது, சாவி இன்னொருவரிடம்.

மடியில் உட்கார்ந்த ஆர்ச்பிஷப்

இங்கிலாந்தில் ஆர்ச்பிஷப்புகள் இரண்டு பேர். கேன்டர்பரியின் கீழ் 30 திருமண்டலங்கள், யார்க்கின் கீழ் 12. இருவரில் யார் பெரியவர் என்ற சண்டை, ஹென்றிக்கு வெகுகாலம் முன்பு, கத்தோலிக்கக் காலத்திலேயே தொடங்கியது. 1176-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் போப்பின் பிரதிநிதி தலைமையில் ஒரு கூட்டம். அவருக்கு வலதுபக்கம் இருந்த கௌரவ இருக்கையில் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ரிச்சர்ட் முதலிலேயே வந்து அமர்ந்துவிட்டார். பிறகு வந்த யார்க் ஆர்ச்பிஷப் ரோஜர், இடம் இல்லை என்றதும் நேராகப் போய் ரிச்சர்டின் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்கின்றன அக்காலக் குறிப்பேடுகள். அடிதடியில் முடிந்தது கூட்டம்.

பிறகு 14-ம் நூற்றாண்டில் ஒரு சமரசம் வந்தது. யார்க் ஆர்ச்பிஷப் 'இங்கிலாந்தின் முதன்மை குரு'. கேன்டர்பரி ஆர்ச்பிஷப் 'முழு இங்கிலாந்தின் முதன்மை குரு'. 'முழு' என்ற ஒரு சொல்லில் சண்டையைத் தீர்த்துவைத்தார்கள். இன்றும் இருவரின் பட்டங்களும் அவைதான்.

போப் இல்லாத உலகம்

அரசு விழா வரிசையில் கேன்டர்பரி ஆர்ச்பிஷப்புக்குப் பிரதமருக்கும் முன்னால் இடம். மன்னருக்கு முடிசூட்டுபவர் அவர். பிரபுக்கள் சபையில் 26 பிஷப்புகளுக்கு இடம் உண்டு. அதில் அவரும் ஒருவர். இவ்வளவு பெரிய இடத்தில் இருப்பவர், ஒரு சாதாரண திருமண்டல பிஷப்பை 'நாளையில் இருந்து வர வேண்டாம்' என்று சொல்ல முடியாது. புகார், விசாரணை என்று சட்டப்படிதான் போக வேண்டும்.

இங்கிலாந்துக்கு வெளியே அவருடைய அதிகாரம் இன்னும் மெலிது. ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் 42 மாகாணச் சபைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைத் தானே ஆண்டுகொள்கிறது. ஸ்காட்லாந்தில் ஆர்ச்பிஷப்பே கிடையாது. 'ப்ரைமஸ்' என்ற முதல்வர் இருக்கிறார். அமெரிக்காவில் 'தலைமை வகிக்கும் பிஷப்'. அந்த அமெரிக்கர்களின் கதையைக் கேளுங்கள். விடுதலைப் போருக்குப் பிறகு சாமுவேல் சீபரி என்பவர் பிஷப் பட்டம் பெற லண்டன் போனார். மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால்தான் ஆகும் என்றார்கள். புதுக் குடியரசின் குடிமகன் எப்படி எடுப்பார்? ஸ்காட்லாந்துக்குப் போய், 1784-ல் அபர்டீனில் மூன்று பிஷப்புகளின் கைகளால் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

நம் பக்கத்துக் கதையும் இதில் சேர்கிறது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912-ல் கல்கத்தாவில் பட்டம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்தான் அவரது திருமண்டலம். 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பிஷப் உள்ள ஆங்கிலிக்கன், பிஷப்பே வேண்டாம் என்றிருந்த பிரஸ்பிட்டேரியன் உள்ளிட்ட பல சபைகள் ஒன்று சேர்ந்தன. பிஷப்புகளை வைத்துக்கொண்டார்கள், ஆர்ச்பிஷப் வேண்டாம் என்று விட்டார்கள். பிஷப்புகளில் ஒருவரே குறிப்பிட்ட காலத்துக்கு 'மாடரேட்டர்', அதாவது பிரதமப் பேராயர். காலம் முடிந்தால் அடுத்தவர். இந்தச் சபை 2013-ல் நந்தியாலில் புஷ்பலலிதாவை பிஷப் ஆக்கியது. இங்கிலாந்து திருச்சபையின் முதல் பெண் பிஷப் லிபி லேன் பட்டம் பெற்றது அதற்குப் பிறகு, 2015-ல்தான்.

ஆக, கேன்டர்பரி ஆர்ச்பிஷப் உலகச் சபைகளை அழைக்கலாம், பேசலாம், கெஞ்சலாம். கட்டளையிட முடியாது. சாராவின் நியமனத்தை நைஜீரியத் திருச்சபையின் தலைவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். அவருக்கு நோட்டீஸ் அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை.

கண்காணி கண்ணை மூடினால்

ஒரே ஆளிடம் அதிகாரம் குவியாத அமைப்பு நல்லதுதானே? பெரும்பாலும் நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி உதைக்கிறது. பாதிக்கப்பட்டவர் யாரிடம் போவது?

சாராவுக்கு முந்தைய ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பி, 2024 நவம்பரில் ராஜினாமாவை அறிவித்தார். ஜான் ஸ்மைத் என்ற வழக்கறிஞர், கிறிஸ்தவக் கோடை முகாம்களில் அறிமுகமான பையன்களை 1970-களிலிருந்தே கொடூரமாக அடித்துச் சித்திரவதை செய்தவர். ஜிம்பாப்வேக்குப் போயும் தொடர்ந்தார். நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். விஷயம் 2013-ல் வெல்பியின் காதுக்கு வந்தது. அப்போதே முறைப்படி போலீஸுக்குப் போயிருந்தால் ஸ்மைத்தை நீதியின் முன் நிறுத்தியிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. 2018-ல் ஸ்மைத் எந்தத் தண்டனையும் இல்லாமல் இறந்துபோனார். போலீஸுக்குத் தகவல் போய்விட்டது என்று தன்னிடம் சொல்லப்பட்டதாக வெல்பி விளக்கினார். ஆனாலும் பொறுப்பேற்று விலகினார்.

'சொன்னார்கள், நம்பினேன்.' படிகள் அதிகமுள்ள எந்த அமைப்பிலும் கேட்கக்கூடிய வார்த்தைகள் இவை. ஒவ்வொரு படியில் இருப்பவரும் அடுத்த படி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தால், கடைசியில் ஒருவரும் பார்ப்பதில்லை.

2025 பிப்ரவரியில் இங்கிலாந்து திருச்சபையின் பொது மன்றம் இதைத்தான் விவாதித்தது. பாதுகாப்புப் பணியை முழுக்க வெளி அமைப்பிடம் ஒப்படைப்பதா? பாதிக்கப்பட்டவர்களில் பலர் கேட்டது அதைத்தான். மன்றம் எடுத்தது நடுவழி: தேசிய அளவிலான பணியாளர்கள் வெளி அமைப்புக்குப் போகலாம், திருமண்டலப் பணியாளர்கள் இப்போதைக்குத் திருமண்டலத்திடமே இருக்கட்டும். பிஷப்பைப் பற்றிப் புகார் என்றால், அந்த பிஷப்பின் திருமண்டலம் சம்பளம் தரும் ஒருவரிடமே சொல்ல வேண்டுமா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

ஆங்கிலிக்கன் ஏற்பாட்டில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் பிடிக்கும். அடுத்த பட்டம் பெற்றதும் பழைய பட்டம் போய்விடாது. டீக்கன், குருவானவர், பிஷப் மூன்றும் ஒரே ஆளில் சேர்ந்தே இருக்கும். ஆர்ச்பிஷப் ஆன பிறகும் சாரா ஒரு டீக்கன்தான், அதாவது பணியாளர். நர்ஸாக இருந்தவருக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவுப் பணியில் வார்டைச் சுற்றி வரும் நர்ஸ், நோயாளி கூப்பிடும்வரை காத்திருப்பதில்லை. படுக்கை படுக்கையாகப் போய்ப் பார்ப்பார். கண்காணியிடம் சபை கேட்பதும் அதைத்தான்.