நன்றியும் வினாவும்

நுழையும்முன்

கடற்பயணம் இன்பம் தருவது. அதே கடல் சீறி எழும்போது மனித உள்ளத்தின் பல முகங்களையும் வெளிக்கொணர்வது. புயலில் சிக்கிய சுற்றுலாக் கப்பல்களில் பயணம் செய்தோர் எவ்வாறு நடந்துகொண்டனர்? கரையேறிய பின்னர் அவர்கள் பேசியவற்றுள் எது பயனுடையது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

நடுக்கடலில் நின்ற பொறிகள்

2019ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிற்பகல் நேரம். நார்வே நாட்டின் மேற்குக் கடற்கரையை ஒட்டிய ஹுஸ்டாட்விகா என்னும் கடற்பகுதியில் ‘வைகிங் ஸ்கை’ என்ற சுற்றுலாக் கப்பல் சென்றுகொண்டிருந்தது. ஆழம் குறைந்த அந்தப் பகுதி, நீருக்கடியில் பாறைகள் நிறைந்தது. மாலுமிகள் அஞ்சிக் கடக்கும் இடம். அன்று அங்கே கடும்புயல் வீசியது. கப்பலில் பயணியர் 915 பேரும் பணியாளர் 458 பேரும் இருந்தனர். பிற்பகல் இரண்டு மணி அளவில் கப்பலின் பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. விளக்குகள் அணைந்தன. உந்துவிசை இழந்த கப்பல், காற்றின் போக்கில் பாறைகளை நோக்கி நகரத் தொடங்கியது. நங்கூரங்கள் இறக்கப்பட்டன, அவை கடலடியைப் பற்றி நிற்கவில்லை. பொறிகள் மீண்டும் இயங்குவதற்குள், கப்பல் தன் நீளத்தின் அளவே எஞ்சியிருக்கும் தொலைவுக்குப் பாறைகளை நெருங்கிவிட்டது.

கப்பலுக்குள் நிகழ்ந்தவற்றை அதிலிருந்தோர் எடுத்த காட்சிப்பதிவுகளின் வழியே உலகம் கண்டது. நாற்காலிகளும் மேசைகளும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குச் சறுக்கிச் சென்று மோதின. மேற்கூரைப் பலகைகள் பெயர்ந்து விழுந்தன. பயணியர் கூடியிருந்த இடத்திற்குள் கடல்நீர் புகுந்தது. உயிர்காப்பு உடை அணிந்து, வரிசையாக அமர்ந்திருந்தோருள் முதியோர் பலர். அலைகளின் சீற்றத்தால் உயிர்காப்புப் படகுகளை இறக்க இயலவில்லை. ஆகவே, ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. கயிற்றில் ஒவ்வொருவராக மேலே தூக்கப்பட்டு, இரவு முழுவதும் நீண்ட அப்பணியில் 479 பேர் மீட்கப்பட்டனர். மறுநாள் பிற்பகல் கப்பல் மோல்டே துறைமுகத்தை அடைந்தது. சிலர் காயமுற்றனர், ஆயினும் ஓர் உயிரும் போகவில்லை.

அச்சம் இழுக்கன்று

பேரிடர் வேளையில் அஞ்சியவரைக் கோழை என்றும், கலங்காதிருந்தவரை வீரர் என்றும் பிரித்துப் பேசுவது உலக வழக்கு. இப்பிரிவினை சரியானதன்று. தரை சாய்கிறது, விளக்கு அணைகிறது, கண்ணெதிரே பாறைகளில் அலை மோதுகிறது என்னும் நிலையில் அஞ்சாதிருப்பது அறிவின் அடையாளம் ஆகாது. அச்சம் உடலுக்குள் ஒலிக்கும் எச்சரிக்கை மணி. அம்மணி ஒலித்த பின்னர் ஒருவர் என்ன செய்கிறார் என்பதே கருதத்தக்கது. கலங்கிய நிலையிலும் அறிவிப்பைக் கேட்டு, சொன்ன இடத்தில் அமர்ந்து, தமக்கு முன்னே முதியோரும் காயமுற்றோரும் செல்ல வழிவிட்டுக் காத்திருத்தலே அந்நேரத்துத் துணிவு.

காத்திருத்தலின் பொருளை உணர்த்தும் நிகழ்வு ஒன்றும் அன்று நடந்தது. மீட்புப்பணி நடந்துகொண்டிருந்தபோதே, அதே கடற்பகுதியில் ‘ஹாக்லாண்ட் கேப்டன்’ என்னும் சரக்குக் கப்பலும் பொறி நின்று தத்தளித்தது. சுற்றுலாக் கப்பலுக்கென வந்த ஹெலிகாப்டர்களுள் சில அங்கே திருப்பி அனுப்பப்பட்டன. சரக்குக் கப்பலின் பணியாளர் ஒன்பதுபேரும் காப்பாற்றப்பட்டனர். பெருங்கப்பலில் முறைக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த இடைவெளி நெடுநேரமாகத் தோன்றியிருக்கும். ஆனால், அந்நேரம் ஒன்பது குடும்பங்களுக்கு உயிர் தந்த நேரம்.

இங்கு மற்றோர் உண்மையையும் மறத்தலாகாது. மீட்கப்பட்ட 479 பேரும் பயணியரே. பணியாளர் 458 பேரும் இறுதிவரை கப்பலிலேயே இருந்தனர். உணவு பரிமாறுவோர், அறைகளைத் தூய்மை செய்வோர், பொறியறையில் உழைப்போர் என அனைவருக்கும் வீடும் மக்களும் உண்டு, அச்சமும் உண்டு. அவ்வச்சத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அவர்கள் பிறரைத் தாங்கினர்.

கரையில் எழுந்த இரு குரல்கள்

புயலில் சிக்கிய கப்பலின் பயணியர் கரையேறியதும் இரண்டு அணிகளாகப் பிரிவது வழக்கமாகிவிட்டது. இதனை மற்றொரு கப்பலின் நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. ‘ஆந்தம் ஆஃப் தி சீஸ்’ என்னும் மாபெரும் கப்பல், 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து புறப்பட்டது. பயணியர் 4,500 பேருக்கும் பணியாளர் 1,600 பேருக்கும் மேல் அதில் இருந்தனர். மறுநாள் ஹாட்டராஸ் முனைக்கு அப்பால் சூறாவளிக்கு நிகரான காற்றில் அது சிக்கியது. பயணியர் பல மணிநேரம் தத்தம் அறைகளிலேயே அடைந்து கிடந்தனர். கப்பல் தன் பயணத்தைக் கைவிட்டு, பிப்ரவரி 10ஆம் நாள் புறப்பட்ட துறைக்கே திரும்பியது.

இறங்கியோருள் ஒரு சாரார் கப்பல் தலைவரையும் பணியாளரையும் மனமாரப் புகழ்ந்தனர். மீண்டும் அக்கப்பலில் பயணம் செய்வோம் என்றனர். மற்றொரு சாரார், “புயல் வரும் என்று அறிந்தும் ஏன் புறப்பட்டீர்கள்?” என்று சினத்துடன் வினவினர், சிலர் நீதிமன்றத்தையும் நாடினர். கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்பட்டது. அடுத்த பயணத்திற்குப் பாதிக் கட்டணச் சலுகையும் வழங்கப்பட்டது. அதனால் சிலர் அமைதியுற்றனர்; சிலர் அமைதியுறவில்லை.

இவ்விரு அணியினரும் ஒருவரையொருவர் குறைகூறிக் கொள்வர். புகழ்ந்தவர்களை ஏமாளிகள் என்பர் சினந்தவர்கள். சினந்தவர்களை நன்றி மறந்தவர்கள் என்பர் புகழ்ந்தவர்கள். உண்மையில் இரண்டு கூற்றுகளும் தம்முள் முரண்பட்டவை அல்ல. புயலின் நடுவே கப்பலைக் காத்தவர்களுக்கு நன்றி கூறுவது ஒரு கடமை. கப்பல் ஏன் அப்புயலின் நடுவே சென்றது என்று வினவுவது மற்றொரு கடமை. ஒன்று நடந்து முடிந்த நற்செயலுக்கு உரியது. மற்றொன்று இனி நடக்கவிருக்கும் பயணத்திற்கு உரியது. நன்றியுணர்வு வினாவின் வாயை அடைத்துவிடக் கூடாது. வினாவும் நன்றியை விழுங்கிவிடக் கூடாது.

காற்று மட்டுமா காரணம்?

“கடல் என்றால் புயல் இருக்கத்தான் செய்யும், ஏறியவர்கள் இடரையும் ஏற்றவர்களே” என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதம் பாதி உண்மையே. காற்றையும் அலையையும் எவரும் தடுக்க இயலாது. ஆனால், வைகிங் ஸ்கை கப்பலைப் பாறைகளின் விளிம்புவரை கொண்டுசென்றது காற்று மட்டுமன்று என்பதை நார்வேயின் விபத்து விசாரணை அமைப்பு ஆராய்ந்து வெளிப்படுத்தியது.

அக்கப்பல் மின்னாற்றலால் இயங்குவது. டீசல் பொறிகள் மின்சாரத்தை ஆக்கித் தர, அம்மின்சாரம் கப்பலை உந்துகிறது. பொறிகள் தேயாமலும் சூடேறாமலும் சுழல உயவு எண்ணெய் தேவை. அன்று அவ்வெண்ணெய், தொட்டிகளில் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவாக இருந்தது. குடத்தில் சிறிதளவே நீர் இருக்கும்போது குடத்தைச் சாய்த்தால், நீர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். மறுபக்கத்தில் வைத்த குவளைக்கு ஒரு துளியும் எட்டாது. அவ்வாறே, கப்பல் அலையில் சாய்ந்து ஆடியபோது எண்ணெய் ஒதுங்கியது; உறிஞ்சுகுழாய் எண்ணெய்க்கு மாறாகக் காற்றை இழுத்தது. எண்ணெய் அழுத்தம் குறைந்ததும், பழுதடையாமல் தம்மைக் காத்துக்கொள்ளும் அமைப்பின்படி பொறிகள் தாமே நின்றன. இஃதன்றி, நான்கு பொறிகளுள் ஒன்று அதற்குச் சில நாள்களுக்கு முன்பே பழுதுபட்டுப் பயன்பாட்டில் இல்லாதிருந்தது. அந்நிலையில் அக்கப்பல் டிரோம்சோ துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டிருக்கவே கூடாது என்பது விசாரணையின் முடிவு.

எனவே, கடல் ஒரு தேர்வாளர் போன்றது. மாணவர் எதைப் படிக்காமல் விட்டாரோ அதிலிருந்தே வினா எழுப்பும் தேர்வாளர் போல, கப்பல் எங்கே குறையுடையதோ அங்கேயே கடல் கைவைக்கிறது. குறை கடலின்மேல் ஏற்றப்படுமாயின் திருத்தம் ஒருபோதும் நிகழாது.

வினாவின் பயன்

கடற்பயணப் பாதுகாப்பின் வரலாறு வினாக்களால் ஆன வரலாறு. 1912ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பல் மூழ்கி 1,500 பேருக்கு மேல் இறந்தனர். கப்பலில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்கே இடமிருந்தது. அக்குறை அன்றைய விதிகளை மீறியதன்று என்பதுதான் பெருங்கொடுமை. தப்பியவர்களைக் காத்த மாலுமிகளைப் பாராட்டியதோடு உலகம் நின்றிருந்தால் விதி மாறியிருக்காது. ‘ஏன் படகுகள் போதவில்லை?’ என்ற வினாவே 1914ஆம் ஆண்டில் கடலில் உயிர்ப் பாதுகாப்பிற்கான பன்னாட்டு உடன்படிக்கைக்கு வழிவகுத்தது. கப்பலில் உள்ள அனைவருக்கும் படகில் இடம் வேண்டும் என்ற விதி அதன்பின் நிலைபெற்றது.

2012ஆம் ஆண்டு இத்தாலியக் கரையில் ‘கோஸ்டா கன்கார்டியா’ என்னும் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தனர். அன்றே ஏறிய பயணியர் பலருக்கு ஆபத்துக்காலப் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. அது குறித்து எழுந்த வினாவின் விளைவாக, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ அப்பயிற்சி நடத்தப்பட வேண்டும் என்னும் விதி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆந்தம் ஆஃப் தி சீஸ் நிகழ்வுக்குப் பின்னர், அதன் நிறுவனம் தன் திட்டமிடலில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டு, தன் கப்பல்களுக்கென வானிலை வல்லுநர் ஒருவரை அமர்த்தியது. வைகிங் ஸ்கை கரைசேர்ந்த சில நாள்களிலேயே, வரவிருக்கும் வானிலைக்கேற்ப உயவு எண்ணெயின் அளவை உறுதிசெய்யுமாறு பிற கப்பல் நிறுவனங்களையும் நார்வே அரசின் கடல்சார் துறை எச்சரித்தது. ஒரு கப்பலின் குறை பல கப்பல்களுக்குப் பாடமானது.

வினவும் முறை

வினவுதல் வேறு, வசைபாடுதல் வேறு. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார் என்பது பழமொழி. புயலில் தம் கையைப் பற்றி நடத்திச் சென்ற பணியாளரிடமே கரையேறியதும் கடுஞ்சொல் கூறுவோர் அப்பழமொழிக்குச் சான்றாகிவிடுகின்றனர். புறப்படும் நாளையும் வழியையும் முடிவுசெய்பவர் தட்டேந்தி நிற்பவர் அல்லர். எனவே, வினா உரிய இடத்தை நோக்கிச் செல்ல வேண்டும்.

வினவுவோர்க்குப் பொறுமையும் வேண்டும். வைகிங் ஸ்கை பற்றிய முழுமையான அறிக்கை 2024இல்தான் வெளிவந்தது. ஐந்தாண்டுகள் கழித்து வந்த அவ்விடையைப் படிக்கும் ஆர்வம், முதல்நாள் காட்சிப்பதிவைப் பகிர்ந்தவர்களுள் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? சினம் விரைவில் எரிந்து அணையும். உண்மையோ மெல்லத்தான் வெளிப்படும். இழப்பீட்டுத் தொகை கைக்கு வந்ததும் அடங்கிவிடும் வினா, வினாவன்று, அது பேரம்.

இவற்றோடு பயணியர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவும் உண்டு. புறப்படும் நாளில் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைக் கருத்துடன் கவனித்தோமா? வானிலையால் ஒரு துறைமுகம் கைவிடப்படும்போது, ‘பணம் கொடுத்தோமே’ என்று முணுமுணுத்தோமா? குறித்த நாளில் குறித்த ஊரைக் காட்டியே தீர வேண்டும் என்னும் வற்புறுத்தல், புறப்பாட்டை முடிவுசெய்வோரின் மீது ஏறும் சுமைகளுள் ஒன்று. புயல் தணியும்வரை கப்பல் துறையில் நிற்குமானால், அந்தக் காலத்தாழ்வையும் நன்றியுடன் ஏற்பவரே பின்னர் வினவும் தகுதி உடையவர்.

புயலைக் கடந்து கரையில் கால் வைப்பவர் இரண்டு சொற்களைச் சொல்ல வேண்டும். தம்மைக் கைகொடுத்து இறக்கிவிடும் பணியாளரிடம் ‘நன்றி’ என்பது முதற்சொல். கப்பலை அனுப்பியவர்களிடம் ‘ஏன்?’ என்பது இரண்டாவது சொல். முதற்சொல் கேட்பவரின் உள்ளத்தைக் குளிர்விக்கும். இரண்டாவது சொல், அதே கப்பலில் அடுத்த வாரம் ஏறவிருக்கும் முகமறியாத மனிதரின் உயிரைக் காக்கும்.