முதலில் நிறுத்தக் கற்கட்டும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் நாக்பூரில் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் தொடங்கும். ஒன்று, எந்தக் கல்லூரி? மற்றொன்று, எந்த வண்டி? முதல் கேள்விக்குப் பத்துப் பேரிடம் யோசனை கேட்கிறோம். இரண்டாவதைப் பையனிடமே விட்டுவிடுகிறோம். அவன் நண்பனைக் கேட்கிறான். நண்பன் விளம்பரத்தை நம்புகிறான். முடிவில், சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியிராத பிள்ளையின் கையில் 200 சி.சி. மோட்டார் சைக்கிளின் சாவி வந்து சேருகிறது.

இது சரியல்ல என்பது என் கருத்து. முதல் வண்டி சிறியதாக இருக்க வேண்டும். அதையும் ஓட்டப் பழகிய பிறகே வாங்க வேண்டும்.

நான் ரயில்வேயில் 38 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அங்கே புதிதாக வந்த எவரிடமும் என்ஜினைத் தனியாகக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் உதவியாளராக உட்கார்ந்து பழக வேண்டும். அனுபவம் மிக்க டிரைவரானாலும், புதிய பாதை என்றால் பகலிலும் இரவிலும் போய்வந்து, பாதை தெரியும் என்று கையெழுத்திட்ட பிறகே அதில் வண்டி ஓட்டலாம். சில மாதங்கள் அந்தப் பக்கம் போகாமலிருந்தால் மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டும். ரயில் புறப்படுமுன் பிரேக்கைச் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். எவ்வளவு வேகம் போகும் என்பது பிறகு. நிற்குமா என்பதுதான் முதல் கேள்வி. தண்டவாளத்தின் மேல் ஓடும் வண்டிக்கே இத்தனை ஏற்பாடு என்றால், லாரியும் ஆட்டோவும் மாடும் குறுக்கிடும் வார்தா சாலைக்கு எவ்வளவு வேண்டும்?

ஒரு சிறு கணக்கு பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும். அதன்பின் உலர்ந்த சாலையில் வண்டி நிற்கச் சுமார் ஆறு மீட்டர். மொத்தம் 14 மீட்டர். வேகத்தை 60 ஆக்கினால் மொத்தத் தூரம் சுமார் 40 மீட்டர் ஆகிறது. வேகம் இரண்டு மடங்கு. நிற்கும் தூரம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மழை பெய்திருந்தால் இன்னும் அதிகம். புதிதாக ஓட்டுபவனுக்கு அந்த ஒரு நொடியும் போதாது. எதைப் பிடிப்பது என்று கை யோசிக்கும்.

நம்மவர் பலரிடம் ஒரு நம்பிக்கை உண்டு: முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி குப்புறத் தள்ளிவிடும் என்று. அதனால் காலால் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. பாரம் குறைந்த பின்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. பூட்டிக்கொண்ட சக்கரம் ரயிலிலும் வழுக்கத்தான் செய்யும். முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி, பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பதே முறை. இது பேசிப் புரிவதல்ல. காலி மைதானத்தில் நூறு முறை செய்து கை பழக வேண்டும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். வேகத்தைக் குறைக்கும் புத்தியை அது தராது.

1983-இல் அஜ்னி ரயில்வே காலனி மைதானத்தில் எனக்கு ராஜ்தூத் ஓட்டக் கற்றுத்தந்தவர் எங்கள் மிஸ்திரி. மராட்டியர், அவரை எல்லோரும் காகா என்றே அழைப்போம். முதல் இரண்டு நாள் என்ஜினை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. தள்ளிக்கொண்டு நட, சாய்த்துவிட்டு நிமிர்த்து, ஸ்டாண்ட் போடு என்பார். மூன்றாம் நாள், கிளச்சை மெல்ல விட்டுப் பத்தடி போய் நில் என்றார். பிறகு எட்டு போடுதல், அதன்பின் கியர், கடைசியில்தான் சாலை. அந்த வரிசையை இன்றும் மாற்றத் தேவையில்லை. சாலைக்கு வருமுன் பழகுநர் உரிமம் கட்டாயம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இனி வண்டியைத் தேர்ந்தெடுப்பது. உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். சாய்ந்தால் தானே தாங்கிப்பிடிக்க வேண்டும். ஸ்ப்ளெண்டர் வகை 100 சி.சி. வண்டி சுமார் 112 கிலோ, 350 சி.சி. புல்லட் சுமார் 195 கிலோ. புல்லட் நல்ல வண்டிதான், பழகிய கைக்கு. முதல் வண்டிக்கு 100 முதல் 125 சி.சி. போதும். பழைய வண்டியானாலும் பிரேக்கும் டயரும் சரியாக இருந்தால் குறைவில்லை.

“ஒரே வருஷத்தில் சலித்துவிடும் சார், பணம் நஷ்டம்” என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சலிக்கட்டும். நல்ல நிலையில் உள்ள சிறிய வண்டியை விற்பது கடினமில்லை. பெரிய வண்டி முதல் மாதத்திலேயே கீழே விழுந்தால் ஆகும் நஷ்டத்துக்குக் கணக்கே கிடையாது. என்னுடன் வேலை பார்த்த ஒருவரின் மகன் புதிய வண்டி வாங்கிய மூன்றாவது வாரம் விழுந்தான். இன்றும் அவன் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். அவனுக்கு வேகமாகப் போகத் தெரிந்திருந்தது.

மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையின்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். ஆகவே பெரிய வண்டிக்கும் சிறிய வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தில், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். பின்னால் உட்காருபவருக்கும் தலை ஒன்றுதான். பதினெட்டு நிறையாத பிள்ளைக்குச் சாவி கொடுப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் குற்றத்தைப் பெற்றோர் மீது சுமத்துகிறது: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை.

பெண் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும். கியர் இல்லாத ஸ்கூட்டர்தானே என்று ஒரு நாள் காட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம். கியர் இல்லாவிட்டாலும் பிரேக் இருக்கிறதே!

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. பாட்டும் நடனமும் கற்பிக்கிறோம், நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதேனும் ஒரு மைதானத்தில், உரிமம் பெறும் வயதுள்ள நம் பிள்ளைகளுக்கு வண்டியை நிறுத்தக் கற்றுத்தந்தால் என்ன? ஓய்வு பெற்றவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். வாரம் இரண்டு மணி நேரம் தர நான் தயார். மற்றவர்களும் முன்வர வேண்டுகிறேன்.